கிள்ளான் ரோஜாவின் கெடு

ருக்குமணி வீட்டில் இப்போதெல்லாம் காலையில் முதல் உபசாரம் ரோஜாப் பூக்களுக்கு. கணவர் ராமையாவுக்குப் பால் சேர்க்காத தே ஓ அதற்குப் பிறகுதான். அவர் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் காலம் தள்ளியவர். வாட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். வாடாமல் வைத்திருப்பது எப்படி என்று அவரிடம் யோசனை கேட்பது வீண்.

சென்ற வாரம் நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

மகள் ரூபினியைப் பெண் பார்க்க, மலைக்குக் கீழே கிள்ளான் நகரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தினேஸ்வரன் வந்தார், உட்கார்ந்தார், கேசரி சாப்பிட்டார், போனார். பேசியதெல்லாம் அவருடைய தாய்மாமன் முனியாண்டி. கார் சாமான் கடை வைத்திருப்பவர். விசிட்டிங் கார்டில் 'எம். ஆண்டி'. சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் வரப்போகிறது என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார். பட்டம் தாமதமானாலும் மரியாதை ஏன் தாமதமாக வேண்டும் என்பது அவர் கட்சி. பெண் பூத்தோட்டத்தில் சின்ன லோரி ஓட்டுகிறாள், பெரிய லோரி ஓட்டவும் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், "அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் வேணாம் லா. நம்ம கடையில ஏர்கோன்ல உக்காரட்டும்" என்று கேசரிக் கையோடு தீர்ப்பு எழுதிவிட்டார்.

கிளம்பும்போது காரிலிருந்து ஒரு ரோஜாச் செண்டை எடுத்து, பரிவட்டம் கட்டுகிற தோரணையில் ருக்குமணியின் கையில் கொடுத்தார். பூ விளைகிற கேமரன் மலைக்குக் கிள்ளானிலிருந்து ரோஜா! இங்கே திரிங்காப்புப் பண்ணையில் பறித்து, லோரியில் இறங்கி, கிள்ளானில் ஜிகினாக் காகிதம் சுற்றிக்கொண்டு, மறுபடி மலையேறி வந்த ரோஜாவாகக்கூட இருக்கலாம். சொந்த ஊருக்கு வந்த சந்தோஷம் அந்தப் பூக்களுக்குத்தான்.

"இந்தப் பூ வாடுறதுக்குள்ள நல்ல பதிலா வரணும்" என்றார் ஆண்டி. மேடையில் பேசிப் பழகிய வாய்.

ஆண்டியின் கையைத் தாவிப் பிடித்தார் ராதாகிருஷ்ணன். ரூபினியின் பெரியப்பா. கணக்கெழுதிய முன்னாள் தோட்டக் கிராணி, இந்நாள் கோயில் கமிட்டித் தலைவர், எந்நாளும் அந்தக் குடும்பத்தின் வாய். "பூ வாடுற அன்னைக்கு நானே போன் போட்டு சம்மதம் சொல்லுறேன். இது எங்க குடும்பத்து வாக்கு!"

பெண்ணைக் கேட்கவில்லை. தம்பி ராமையாவைக் கேட்கவில்லை. ருக்குமணியைக் கேட்கும் வழக்கமே அந்தக் குடும்பத்தில் கிடையாது.

அன்று சாயங்காலம் ரூபினி அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அந்த மாப்பிள்ளை நல்லவரா கெட்டவரான்னே தெரியல. பெரிய லோரி லைசன்ஸ் டெஸ்ட்டு முடியட்டும். அத கையில வச்சிக்கிட்டு நானே அவருகிட்ட கேக்கறேன், ஓட்ட விடுவீங்களா மாட்டீங்களான்னு. இப்ப கேட்டா, மொதல்ல பாஸ் பண்ணும்பாங்க. அதுவரைக்கும் பெரியப்பா வாய கட்டிப் போடும்மா."

பெரியப்பாவின் வாயைக் கட்டுவது மனிதரால் ஆகிற காரியமில்லை. பூவை வாடாமல் பார்த்துக்கொள்வது ஒருவேளை ஆகும் என்று ருக்குமணிக்குத் தோன்றியது.

கிள்ளான் வெக்கையில் ரோஜா எத்தனை நாள் தாங்குமோ, அந்தக் கணக்கில் கெடு வைத்துவிட்டுப் போனார் ஆண்டி. கேமரன் குளிரை அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் பிடித்தாரே தவிர, கணக்கில் சேர்க்கவில்லை. பூ வந்து இரண்டாவது வாரம் நடக்கிறது. ரூபினிக்கு நாளைக்கு ஈப்போவில் டெஸ்ட். இன்றைய ஒரு பொழுது தாண்டினால் போதும்.

இன்றைக்கென்று பார்த்து ஒரு ரோஜா கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

பின்படிக்கட்டுக் குளிரில் இரவெல்லாம் பூக்களோடு நின்ற ஊறுகாய் போத்தலை உள்ளே எடுத்து வந்தபோதுதான் ருக்குமணி அதைக் கவனித்தாள். வீட்டில் பூச்சாடி கிடையாது. பூ என்றால் சாமிக்கு, தலைக்கு, சாவுக்கு. போத்தலில் நிற்க வைத்து அழகு பார்க்கிற பழக்கம் அந்த லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் இருந்ததில்லை, பக்கத்து வீட்டு அற்புதம்மாளைத் தவிர. மாதாகோயில் பீடத்துக்குப் பூ அலங்காரம் அவள் பொறுப்பு.

"அக்கா! இங்க கொஞ்சம் ஓடியாங்க!"

அற்புதம்மாள் முகம்கூடக் கழுவாமல் வந்தாள். பூவை உற்றுப் பார்த்தாள்.

"சாவலடி. தண்ணி ஏறல, அவ்ளோதான். காம்புக்குள்ள காத்து அடைச்சிருக்கும். பேசின்ல தண்ணி ஊத்து. கொஞ்சம் வெதுவெதுப்பா."

தண்ணீருக்கு அடியிலேயே காம்பைப் பிடித்து, நுனியைச் சாய்வாக நறுக்கினாள். பிறகு பூவும் காம்புமாக நாளிதழில் இறுக்கிச் சுற்றினாள். முகப்புப் பக்கத்தில் யாரோ ஒரு பிரமுகர் எதையோ திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு பூவின் கழுத்துக்குச் சரியாக முட்டுக் கொடுத்தது. அப்படியே வாளியில், கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தினாள்.

"மத்தியானத்துக்குள்ள நிமிந்துரும். நிமிரலன்னா செபம் பண்ணு."

"எந்த சாமிக்குக்கா?"

"யாரு ஃப்ரீயா இருக்காங்களோ அவங்களுக்கு."

மற்றப் பூக்களுக்கு வழக்கமான சேவை நடந்தது. பழைய தண்ணீரைக் கொட்டி, போத்தலைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர். அதில் ஒரு கரண்டி சீனி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கும் குளோரோக்ஸ் இரண்டு சொட்டு. சீனி பூவுக்குச் சாப்பாடு. குளோரோக்ஸ் தண்ணீர் அழுகாமல் இருக்க. தண்ணீருக்குள் மூழ்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் பனடோல் மாத்திரை போட்டுப் பார்த்தார்கள். பூவுக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சம்.

இந்த வித்தைகளில் பாதி அற்புதம்மாள் சொன்னது. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது தெரியுமா? சாட்சாத் பெரியப்பாவிடமிருந்து!

ராதாகிருஷ்ணன் தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வணக்கம் அனுப்புவார். கூடவே, தமக்கு வந்த எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய், மூட்டுவலிக்கு முருங்கைப்பட்டை, உலகம் அழியும் தேதி. படிப்பதில்லை. படித்துவிட்டு அனுப்புவது சாமானியர்கள் வேலை. அப்படி ஒருநாள் தள்ளிவிட்டதில் 'வெட்டிய மலர்கள் நீண்ட நாள் வாழ ஏழு வழிகள்' இருந்தது. ருக்குமணி நட்சத்திரம் போட்டு வைத்துக்கொண்டாள்.

பத்து மணிவாக்கில், ராமையா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவரே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கோயில் பூசை பழம். சாமிப் படத்துக்கிட்ட வை."

"வைக்கிறேங்க மாமா."

"நானே வைக்கிறேன்." மேசையிலிருந்த ரோஜாப் போத்தலைத் தூக்கிச் சாமி மாடத்தில் வைத்து, அதை அணைத்தாற்போல வாழைப்பழத்தை வைத்தார். பெரிய விளக்கில் ஐந்து திரி போட்டு ஏற்றி, பூவுக்கு நெருக்கமாக நகர்த்தினார். "வெளிச்சம் படட்டும். மாப்பிள்ளை வீட்டுப் பூவு, மூலையில கெடக்கலாமா? ஜன்னலயும் தொறந்து வை, வெயில் வரட்டும்."

ருக்குமணி விளக்கைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். சூடு, வெயில், பழுத்த பழத்தின் காற்று, மூன்றும் பூவுக்கு ஆகாது. மூன்றாவது வழி, நாலாவது வழி, ஆறாவது வழி. மனிதர் கடைசியில் படித்தேவிட்டார். படித்துவிட்டு ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பூவைக் கையால் பிய்த்துப் போட்டால் அபசகுனம். அதனால் பக்தியால் கொல்லப் பார்க்கிறார்.

பழத்தை எடுத்து அடுப்படியில் வைத்தாள்.

அவர் திரும்ப எடுத்து வந்து மாடத்தில் வைத்தார்.

"சாமி பழத்த எடுக்கலாமா?"

"எலி வருதுங்க மாமா."

"பகல்ல எலியா?"

"எங்க வீட்டு எலி நேரங்காலம் பாக்காது. பூசை பழம்னு தெரிஞ்சா தலைவர் மாதிரி முன்னாடி வந்து நிக்கும்."

ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டுக்கு ருக்குமணி வாழ வந்த நாளிலிருந்து அவரிடம் பேசியதெல்லாம் 'சரிங்க மாமா'தான். அவள் விளக்கில் நாலு திரியை அணைத்தாள். பூவைத் தூக்கி மறுபடி மேசையில், நிழலில் வைத்தாள்.

"ருக்குமணி, நான் குடுத்த வாக்கு தெரியும்ல?"

"தெரியுங்க மாமா. பூ வாடுற அன்னைக்கு. வாடலையே."

அப்போதுதான் அவர் கண் பின்வாசல் வாளியில் விழுந்தது. நாளிதழ் பொட்டலத்தின் மேலே சிவப்பாக ஒரு நுனி.

"அது என்னா?"

ருக்குமணி வாளியை மறைத்து நின்றாள். மறைத்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

"வாடிருச்சு! ஒளிச்சு வச்சிருக்க!" தோட்டத்தில் யாரோ கொழுந்தில் கல்லைக் கலந்து கொண்டுவந்ததைப் பிடித்த நாள்களில் அவர் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி மலர்ந்தது. "ஒரு பூ வாடுனாலும் வாடுனதுதான். இரு, ஆண்டிக்கு வீடியோ கோல் போடுறேன். அவர் கண்ணால பாக்கட்டும், அதுலயே சம்மதமும் சொல்லிர்றேன்."

வாசலில் சின்ன லோரி வந்து நின்றது. ரூபினி குதித்து இறங்கினாள். திரிங்காப்பிலிருந்து கொண்டுபோன பூப்பெட்டிகளைத் தானா ராத்தா ஊரில் இறக்கிவிட்டு, வழியில் சாப்பிட வந்திருந்தாள். உள்ளே வந்ததும் அம்மாவின் முகம், பெரியப்பாவின் போன், வாளி என்று வரிசையாகப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"பெரியப்பா, போன வைங்க. கல்யாணம் எனக்கு."

"பெரியவங்க பேசுறப்ப நடுவுல வராதம்மா. ஒனக்கு நல்லதுதான் பண்றேன். ஒங்கப்பனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்."

"அதுக்கு அப்பா இன்னும் ஒங்களுக்கு தலையாட்டுறாரு. நான் எதுக்கு ஆட்டணும்?"

போனில் ஆண்டி வந்துவிட்டார். சுற்றிலும் கடை அலமாரிகளில் கார் கண்ணாடிகள் வரிசையாக மின்னின. அத்தனையிலும் அவர் முகம்.

"என்ன ராதா, நல்ல செய்தியா?"

"நல்ல செய்திதாங்க டத்தோ! பூ வாடிருச்சு. இதோ பாருங்க." ஒரு கையில் போன், ஒரு கையில் நாளிதழ். பிரமுகரின் சிரிப்பைக் கிழித்துப் பிரித்தார்.

உள்ளேயிருந்த ரோஜா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போனையே நேராகப் பார்த்தது.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அற்புதம்மாள் "ஸ்தோத்திரம்" என்றாள், சற்று உரக்கவே.

ராதாகிருஷ்ணன் பூவை விரலால் தட்டினார். அது தலையாட்டியதே ஒழியத் தொங்கவில்லை. போன் மேசைப்பக்கம் திரும்பியது. அங்கே மற்ற ரோஜாக்கள் விரிந்து, ஓரம் லேசாகக் கருத்து, ஆனால் திடமாக நின்றன.

கிள்ளானில் ஆண்டி முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு வெடித்தார்.

"இது நான் குடுத்த பூவே இல்ல! இத்தன நாளா ரோஸ் இப்புடி நிக்குமா? என்னைய முட்டாள்னு நெனச்சீங்களா? கேமரன்ல பூவுக்கா பஞ்சம்? பொண்ணு வேலை பாக்குறதே பூத்தோட்டம். தெனம் ஒண்ணா மாத்தி வச்சு நாடகம் ஆடுறீங்க லா!"

ராதாகிருஷ்ணனின் முகத்தில் ஒரு நொடி திகைப்பு. மறு நொடி வெளிச்சம். இது இன்னும் வசதியாயிற்றே!

"மாத்தினியா, ருக்குமணி?"

ருக்குமணிக்குக் காது இரண்டும் சூடேறியது. போன வாரம் ஒரு பூவின் இதழ் ஓரம் கருக்கத் தொடங்கியபோது, "நம்ம பண்ணையில இதே கலரு இருக்கும்மா, ஒண்ணு கொண்டாந்து சொருகிறவா?" என்று ரூபினி கேட்டாள். "வேணாம்டி. அப்புறம் நம்ம சொல்லுறது எதையும் நம்பவே மாட்டாங்க" என்று தடுத்தது இவள். ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தும் ஏமாற்றாமல், தண்ணீர் மாற்றி மாற்றிக் கை வெளுத்துப் போய் நின்றது இதைக் கேட்கத்தானா?

"மாத்தலங்க."

"சும்மா சொன்னா எப்புடி?" என்றது போன். "கற்பூரம் கொளுத்தி சத்தியம் பண்ணச் சொல்லு, ராதா."

"ஆமா, அதான் மொற. கற்பூரம் எங்க இருக்கு?" மாடத்தில் தேட ஆரம்பித்தார் கமிட்டித் தலைவர். "கொளுத்துன கற்பூரத்த கையால அடிச்சு அணைச்சிரு ருக்குமணி. பிரச்சினை முடிஞ்சிரும்."

"மாட்டேன்."

அவர் கையிலிருந்த தீப்பெட்டி அப்படியே நின்றது. "என்னா சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். ஒரு போத்தல் பூவுக்கு நான் சத்தியம் பண்ணணுமா? கேசரி நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கி சாப்புட்டாரே, அதுல வெசம் இல்லன்னும் சத்தியம் பண்ணட்டுமா?"

"ராதா, பொம்பளைய பேச விட்டு வேடிக்கை பாக்குறியா?" என்றார் ஆண்டி.

"அவருகிட்ட கேக்காதீங்க, என்கிட்ட பேசுங்க. நான்தான் பேசுறேன்." ருக்குமணி போனுக்கு நேரே வந்து நின்றாள். பிறகு ஒன்றைச் செய்தாள். அவளே எதிர்பார்க்காத ஒன்று.

போத்தலிலிருந்து ரோஜாக்களை மொத்தமாக உருவினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றின் காம்பை ஒடித்து ரூபினியின் கொண்டையில் செருகினாள். அடுத்ததை அற்புதம்மாளுக்கு நீட்டினாள். இன்னொன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"பாஞ்சாலை! மணியம்மாக்கா! எல்லாம் வாங்க. பூ குடுக்கிறேன், தலைக்கு வச்சிக்குங்க. கிள்ளான் பூவு!"

வேடிக்கை பார்க்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த லயத்துப் பெண்கள் அழைப்பு கிடைத்தால் விடுவார்களா? ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்கள். நாளிதழ் ரோஜா மணியம்மாவுக்குப் போனது.

"ருக்குமணி, பைத்தியமா ஒனக்கு?" ராதாகிருஷ்ணனின் குரல் கீச்சென்று வந்தது. "மாப்பிள்ளை வீட்டுப் பூவ..."

"தலையிலதானே வச்சிருக்கோம்? குப்பையிலயா போட்டோம்? மாமா, நீங்க குடுத்த வாக்கு பூவு வாடுறதப் பத்தி. வாடல. தீந்துருச்சு. அந்த வாக்கும் அதோட தீந்துச்சு. என் பொண்ணோட பதில் அவ வாயில இருக்கு, போத்தல்ல இல்ல. எப்ப இஷ்டமோ அப்ப சொல்லுவா. அதுக்கு யாரும் கெடு வைக்க வேணாம். நீங்களும் வேணாம், ஆகப்போற டத்தோவும் வேணாம்."

வாசலில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். 'ஆகப்போற' என்ற சொல் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது கண்ணாடிகளில் தெரிந்தது. அத்தனை முகங்களும் ஒரே சமயத்தில் சிவந்தன.

"இந்த சம்பந்தமே..." என்று ஆண்டி ஆரம்பித்தார்.

"மாமா, போன கொஞ்சம் குடுங்க" என்று ஆண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மெதுவான குரல். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரல்.

ராதாகிருஷ்ணனின் கட்டைவிரல் பதறிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. படம் போய்விட்டது.

மலை மேலே தேயிலை வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வந்து போனது.

போன் மறுபடி அடித்தது.

ராதாகிருஷ்ணன் அதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு போனைக் கையில் வைத்திருந்தார்.

"குடுங்க பெரியப்பா." ரூபினி கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார்.

"யாரு, தினேஸ்வரனா? நான் ரூபினி பேசுறேன்." ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள். எல்லாரும் கேட்கட்டும். "நாளைக்கு எனக்கு பெரிய லோரி டெஸ்ட்டு. பாஸ் பண்ணிட்டு இத கேக்கலாம்னு இருந்தேன். பரவால்ல, பாஸ் பண்ணாலும் பெயிலானாலும் கேள்வி ஒண்ணுதான். பெயிலானா மறுபடி போவேன். லோரி ஓட்டுற பொண்டாட்டி ஒங்களுக்கு வேணுமா, வேணாமா? ஒங்க மாமாவ திரும்பிப் பாக்காம சொல்லுங்க."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

தலையில் கிள்ளான் ரோஜாவோடு வாசலில் பெண்கள். கையில் திறக்காத தீப்பெட்டியோடு கமிட்டித் தலைவர். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு ஆண்பிள்ளை என்ன பதில் சொல்லப்போகிறான் என்று அந்த வீடே காத்து நின்றது.